இலாபத்தைக் காணியாக்கிய குடும்பம்
புதுடில்லியைக் கட்டிய சீக்கியர்களிடம் எமது வர்த்தகர்கள் கற்க வேண்டிய பாடம்

எமது மலைநாட்டு பஜார்களில் 30, 40 வருடங்களாக ஒரே கடையில் வியாபாரம் செய்து வருபவர்கள் பலர் இருக்கிறார்கள். வாப்பா தொடங்கிய கடையை மகன் நடத்துகிறார். பேரனும் கல்லாவில் உட்கார ஆரம்பித்துவிட்டார். பெயர்ப்பலகை அவர்களுடையது. சரக்கு அவர்களுடையது. கட்டடம் மட்டும் இன்னொருவருடையது. மாதம் பிறந்தால் வாடகை, ஒப்பந்தம் முடிந்தால் புதிய முற்பணம். "கடை எனக்கே தேவைப்படுகிறது" என்று கட்டடக்காரர் ஒரு நாள் சொல்லிவிட்டால், மூன்று தலைமுறையாகச் சேர்த்த வாடிக்கையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

நோட்டன் பிரிட்ஜில் கடை நடத்தும் நான் இதைப் பல வர்த்தகர்களிடம் கேட்டிருக்கிறேன். "வியாபாரத்தில் வருவது வியாபாரத்திலேயே போகிறது" என்பதுதான் அநேகரின் பதில். அது பாதி உண்மை. மீதிப் பாதி வாகனத்திலும், கல்யாணச் செலவிலும், வீட்டு முகப்பின் அலங்காரத்திலும் போகிறது. இலாபம் வராமல் இல்லை. வந்த இலாபம் தங்குவதற்கு ஓர் இடம் இல்லை என்பதே குறை.

கொந்தராத்து வேலையில் கிடைத்த இலாபத்துக்குத் தங்க இடம் தேடிக் கொடுத்த ஒரு குடும்பத்தைப் பற்றி இவ்வாரம் பார்ப்போம். பஞ்சாபின் ஒரு மூலைக் கிராமத்திலிருந்து டில்லிக்குக் குடிபெயர்ந்து, "பாதி டில்லியின் சொந்தக்காரர்" என்று பெயரெடுத்த சேர் சோபா சிங்கின் குடும்பம் அது.

ஒட்டகத்தில் தொடங்கிய தொழில்

இன்று பாகிஸ்தானில் உள்ள குஷாப் பகுதியில் ஹடாலி என்றொரு கிராமம் இருக்கிறது. அக்காலத்தில் அது ஷாபூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த அந்த வரண்ட கிராமத்தில் இந்துக்களும் சீக்கியர்களும் சிறு தொகையினராக வாழ்ந்தார்கள். அவர்களில் ஒருவர் சுஜான் சிங். சரக்கு ஏற்றுவதற்கு ஒட்டகங்களை வழங்குவது அவருடைய தொழில். இடைக்கிடையே ரயில்வேக்குக் கட்டட வேலைகளையும் எடுத்துச் செய்தார்.

அவருக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். மூத்தவர் சோபா சிங், இளையவர் உஜ்ஜல் சிங். சோபா சிங் அம்ரித்சரில் சில வருடங்கள் மட்டுமே படித்துவிட்டு, சிறு வயதிலேயே தந்தையின் தொழிலில் சேர்ந்துகொண்டார். பட்டமோ பொறியியல் படிப்போ அவருக்கு இல்லை. ஆனால் சாமான் ஏற்றுவது, கூலியாட்களைச் சேர்ப்பது, அரசாங்க அதிகாரியிடம் வேலையை ஒப்படைத்துப் பணம் எடுப்பது ஆகியவற்றை அனுபவத்தில் கற்றுக்கொண்டார். ஒட்டகத்திலிருந்து கட்டட வேலைக்கு அக்குடும்பம் ஒரே நாளில் தாவவில்லை என்பதைக் கவனியுங்கள். முதலில் சாமான் ஏற்றினார்கள். ஏற்றிய இடத்தில் சிறு வேலை எடுத்தார்கள். சிறு வேலையிலிருந்து பெரிய வேலைக்குப் போனார்கள்.

1911 டிசம்பர் 12

இந்தியாவின் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாற்றப்படும் என்று அன்று டில்லி தர்பாரில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் அறிவித்தார். மூன்று நாட்களில் அடிக்கல்லும் நாட்டப்பட்டது. இந்தச் செய்தி இந்தியா முழுவதும் போய்ச் சேர்ந்தது. பெரிய நகரங்களில் பெரிய முதலாளிமாரும் இருந்தார்கள். ஆயினும் தந்தையும் மகனுமாக டில்லிக்குப் போய் உயர்தர ஒப்பந்தக்காரர்களாகப் பதிந்துகொண்டவர்களுள் இந்தக் கிராமத்துச் சீக்கியர்களும் இருந்தார்கள்.

அங்கே அவர்களுக்கு மாளிகை காத்திருக்கவில்லை. ஆரம்பத்தில் ஒரு கொட்டகையில்தான் குடும்பம் வாழ்ந்தது என்று சோபா சிங்கின் மகனும் புகழ்பெற்ற எழுத்தாளருமான குஷ்வந்த் சிங் எழுதியிருக்கிறார். அவர் சொல்லும் இன்னொரு தகவலும் சுவையானது. மன்னர் அடிக்கல் நாட்டிய இடம் நகரம் அமைக்கப் பொருத்தமில்லை என்று பின்னர் தெரியவந்தது. புதிய இடமாக ரைசினா குன்று தெரிவாகியது. நாட்டிய கற்களைச் சத்தமில்லாமல் இரவோடிரவாகப் புதிய இடத்துக்குக் கொண்டுபோகும் வேலை சோபா சிங்கிடம் கொடுக்கப்பட்டது. மாட்டு வண்டியில் ஏற்றிப்போன அந்த வேலைக்கு அவர் பெற்ற கூலி 16 ரூபா.

பின்னாளில் பாதி டில்லிக்குச் சொந்தக்காரர் எனப்பட்டவர், 16 ரூபா வேலையை "இது சிறு வேலை" என்று தள்ளிவிடவில்லை. வேலை கொடுப்பவருக்கு ஒரு சிக்கல் வரும்போது அதைக் காதும் காதும் வைத்தாற்போல் தீர்த்துக் கொடுப்பவரையே அடுத்த வேலைக்கும் தேடி வருவார்கள். இது எந்தக் கடைக்கும் பொருந்தும்.

இருபது வருட வேலை

புதுடில்லி கட்டி முடிய ஏறத்தாழ இருபது வருடங்கள் சென்றன. 1914 இல் முதலாம் உலக யுத்தம் மூண்டதும் பணமும் பொருளும் யுத்தத்துக்குத் திருப்பப்பட்டு வேலைகள் மந்தமாகின. அரசாங்கம் இந்தத் திட்டத்தைக் கைவிட்டுவிடுமோ என்ற பேச்சும் இருந்தது. இப்படியான காலத்தில் களத்தை விட்டுப் போகாமல் நிற்பவர்களுக்கே வேலை மீண்டும் சூடுபிடிக்கும்போது முதலிடம் கிடைக்கிறது.

ஹேர்பேர்ட் பேக்கர் வரைந்த இரண்டு செயலகக் கட்டடங்களில் சவுத் புளொக்கைக் கட்டியவர் சோபா சிங். நோர்த் புளொக்கைக் கட்டியவர் பைசாகா சிங் என்ற இன்னொரு சீக்கியர். எட்வின் லுட்யன்ஸ் வரைந்த இந்தியா கேட் என்னும் யுத்த நினைவு வளைவும் சோபா சிங்கின் கைவேலைதான். அதற்கு 1921 பெப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டு 1931 பெப்ரவரியில் திறந்துவைக்கப்பட்டது. புதிய தலைநகரமும் அதே மாதத்தில்தான் திறக்கப்பட்டது.

இவ்வளவுடன் கதை முடிந்திருந்தால் அவர் ஒரு பெரிய கொந்தராத்துக்காரர் மட்டுமே. வேலை முடிந்ததும் கொந்தராத்துக்காரரின் கையில் பணம் இருக்கும், வேலை இருக்காது. எத்தனையோ பேர் அப்படியே வீட்டுக்குத் திரும்பிப்போய், அந்தப் பணத்தைச் சாப்பிட்டு முடித்திருக்கிறார்கள். சோபா சிங் வேறுபட்டது இந்த இடத்தில்தான்.

ஒரு பேர்ச் அறுபது ரூபா

புதுடில்லி அப்போது பற்றைக்காடும் பாறையுமாகக் கிடந்த இடம். சனங்களும் வியாபாரமும் மதில் சூழ்ந்த பழைய டில்லியில் இருந்தன. புதிய நகரத்தில் காணி வாங்க அரசாங்கம் அழைத்தபோது முன்வந்தவர்கள் மிகச் சிலரே. சோபா சிங் தம்மால் முடிந்தளவு காணியை அறுதியாக வாங்கினார். விலை சில இடங்களில் சதுர யார் 2 ரூபா.

எமது கணக்கில் பார்ப்போம். ஒரு பேர்ச் என்பது முப்பதேகால் சதுர யார். அப்படியானால் ஒரு பேர்ச் அறுபது ரூபா ஐம்பது சதம். பத்து பேர்ச் 605 ரூபா. ஓர் ஏக்கர் 9,680 ரூபா. மாட்டு வண்டிகளை வைத்துக் கல் மாற்றிய வேலைக்கு 16 ரூபா கிடைத்த காலத்தில் இது சிறு தொகையல்ல. கையில் பணம் இருந்த பலர் அதைப் பழைய டில்லியில் தெரிந்த தொழிலிலேயே போட்டார்கள். பற்றைக்காட்டில் போடத் துணியவில்லை.

சோபா சிங் மட்டும் ஏன் துணிந்தார்? அவர் கட்டியதும் வாங்கியதும் ஒரே நகரத்தில் என்பதால் எனக்குத் தோன்றுவது இதுதான். அவர் குருட்டு நம்பிக்கையில் வாங்கவில்லை. வீதி எங்கே வருகிறது, தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது, எந்தக் கட்டடம் எத்தனை அடி அத்திவாரத்தில் நிற்கிறது என்பதை அவர் தினமும் வேலைத்தளத்தில் கண்ணால் பார்த்தார். இவ்வளவு கல்லையும் அடுக்கிய அரசாங்கம் இந்த இடத்தை விட்டு எழுந்து போகாது என்பது அடுக்கியவருக்குத் தெரியும். வெளியிலிருந்து பார்த்தவருக்குச் சூதாட்டமாகத் தெரிந்தது, உள்ளே நின்றவருக்குக் கணக்காகத் தெரிந்தது.

வாங்கிய காணியைச் சும்மா போட்டு வைக்கவும் இல்லை. கொனொட் பிளேஸ் வட்டாரத்தில் ரீகல் கட்டடம், சிந்தியா ஹவுஸ் போன்றவற்றைக் கட்டினார். 1932 இல் திறக்கப்பட்ட ரீகல் திரையரங்கு 2017 வரை இயங்கியது. 1945 இல் தந்தையின் பெயரால் சுஜான் சிங் பார்க் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பைக் கட்டினார். டில்லியின் முதலாவது அடுக்குமாடிக் குடியிருப்பு என்று சொல்லப்படும் அதை வரைந்தவர் வோல்டர் ஜோர்ஜ் என்ற கட்டடக் கலைஞர். குஷ்வந்த் சிங் 2014 இல் தமது 99 ஆவது வயதில் காலமானதும் அங்கிருந்த வீட்டில்தான். கட்டி விற்றுவிட்டுப் போவதற்கும், கட்டி வைத்துக்கொண்டு வாடகை எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். முதலாவதில் ஒருமுறை இலாபம். இரண்டாவதில் பிள்ளைக்கும் பேரனுக்கும் வருமானம்.

1947 இல் என்ன நடந்தது?

பிரிவினை வந்தது. ஹடாலி பாகிஸ்தானுக்குள் போனது. அக்குடும்பத்தின் பூர்வீக வீடு எல்லைக்கு அப்பால் நின்றுவிட்டது. அந்நாட்களில் இருபுறமும் எத்தனை இலட்சம் முஸ்லிம்களும் இந்துக்களும் சீக்கியர்களும் உடுத்த உடையுடன் எல்லை கடந்தார்கள் என்பது எமக்குத் தெரிந்த சோகம். சோபா சிங்கின் குடும்பம் தெருவுக்கு வராததற்குக் காரணம், அவர்களுடைய சேமிப்பின் பெரும்பகுதி முப்பது வருடங்களாக இன்னோர் ஊரில் வேரூன்றியிருந்ததுதான்.

அதே பிரிவினை டில்லியின் காணி விலையையும் மாற்றியது. 1941 குடிசன மதிப்பீட்டில் ஏறத்தாழ 9 இலட்சமாக இருந்த டில்லியின் சனத்தொகை, 1951 இல் 17 இலட்சத்தைத் தாண்டியது. ஒரு காலத்தில் ஆளில்லாப் பற்றைக்காடாக இருந்த இடத்தில் கடைக்கும் வீட்டுக்கும் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். இதை எந்தக் கணக்கப்பிள்ளையும் முன்கூட்டிக் கணக்கிட்டிருக்க முடியாது. அவருக்கு அதிர்ஷ்டமும் துணை நின்றது என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் காணி கையில் இருந்தவருக்குத்தான் அந்த அதிர்ஷ்டம் பயன்பட்டது.

படித்த தம்பி, கட்டிய அண்ணன்

தம்பி உஜ்ஜல் சிங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். அண்ணன் தொழிலில் நிற்க, தம்பி லாகூரில் முதுமாணிப் பட்டம் வரை படித்தார். அரசியலில் இறங்கி, லண்டன் வட்டமேசை மாநாட்டில் கலந்துகொண்டார். பிற்காலத்தில் பஞ்சாபின் ஆளுநரானார். 1966 இல் சென்னைக்கு ஆளுநராக வந்து 1971 வரை இருந்தார். 1967 இல் அண்ணாத்துரை முதலமைச்சராகப் பதவியேற்றதும், 1969 இல் அம்மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் மாறியதும் இவருடைய காலத்தில்தான். ஒட்டகக்காரரின் மகன் தமிழ்நாட்டின் ஆளுநர்!

எமது குடும்பங்களில் ஒன்றில் எல்லாப் பிள்ளைகளையும் கடைக்குள் இழுக்கிறோம். அல்லது எல்லாரையும் உத்தியோகத்துக்கு அனுப்பிவிட்டுக் கடையை மூடுகிறோம். இரண்டும் தேவை என்பதை அந்த வீடு காட்டுகிறது.

ஒரு நிழலும் இருக்கிறது

பாடம் சொல்லும்போது மறுபக்கத்தையும் சொல்வதே நேர்மை. 1929 ஏப்ரல் 8 ஆம் திகதி டில்லி மத்திய சட்டசபையில் பகத் சிங்கும் பட்டுகேஷ்வர் தத்தும் குண்டு வீசியபோது சோபா சிங் பார்வையாளர் பகுதியில் இருந்தார். வழக்கில் அவர்களை அடையாளம் காட்டிச் சாட்சி சொன்னார். தாம் கண்டதைத்தான் அவர் சொன்னார் என்று மகன் பின்னர் விளக்கினார். ஆனால் சனங்கள் மறக்கவில்லை. 1944 இல் ஆங்கிலேயர் கொடுத்த சேர் பட்டத்தையும் அதனுடன் முடிச்சுப்போட்டுப் பேசினார்கள். அவர் 1978 இல் காலமாகி 33 வருடங்களுக்குப் பிறகு, 2011 இல் டில்லியில் ஓர் இடத்துக்கு அவர் பெயரைச் சூட்டும் யோசனை எழுந்தபோதும் கடும் எதிர்ப்புக் கிளம்பியது. ஆட்சியாளர்களுடன் நெருங்கி வியாபாரம் செய்பவர் அவர்களின் பழியிலும் பங்கெடுக்க நேரிடும். கட்டடம் நூறு வருடம் நின்றால், பெயருக்கு ஏற்பட்ட கறையும் நூறு வருடம் நிற்கும்.

கடல் கடந்த இன்னோர் உதாரணம்

எமது காலத்திலும் இதே முறையைக் காணலாம். கனடாவின் கல்கரி நகரில் பொப் டிலன் என்றொரு சீக்கியர் இருக்கிறார். பஞ்சாபிலிருந்து வெளியேறிய குடும்பத்தில் ஜப்பானில் பிறந்து, ஆபிரிக்காவின் லைபீரியாவில் வளர்ந்தவர். அங்கே 1980 இல் நடந்த இராணுவப் புரட்சிக்குப் பின் குடும்பம் நாட்டை விட்டு வெளியேறியது. 1997 இல் அவர் தொடங்கிய மெயின்ஸ்ட்ரீட் எக்குவிட்டி நிறுவனம், மற்றவர்கள் விரும்பாத பழைய நடுத்தர அடுக்குமாடிகளை வாங்கித் திருத்தி வாடகைக்கு விடுகிறது. 2018 இல் ஒரு பல்கலைக்கழகத்தின் வணிகக் கல்விக்கு ஒரு கோடி கனேடிய டொலர் வழங்குமளவுக்கு அவர் வளர்ந்துவிட்டார்.

ஆனால் அவருடைய வளர்ச்சிக்கு நீண்ட கால வங்கிக் கடன் பெரிய துணை. அதை நாம் அப்படியே பின்பற்ற முடியாது. வட்டியை நாம் தவிர்ப்பது ஒருபுறம் இருக்க, 2022 ஏப்ரலில் எமது மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியதை நினைத்துப் பாருங்கள். மாறும் வட்டிக்குக் கடன் எடுத்துக் காணி வாங்கியவர்கள் அந்த வருடம் பட்ட பாடு கொஞ்சமல்ல.

மலைநாட்டில் எப்படி?

எமது ஊரும் ஓர் அரசாங்க வேலையோடு சேர்ந்து வளர்ந்த ஊர்தான். பொறியியலாளர் விமலசுரேந்திர கனவு கண்ட லக்சபான நீர்மின் திட்ட வேலை 1924 இல் தொடங்கி, இடையில் கைவிடப்பட்டு, 1950 இல்தான் மின்சாரம் தந்தது. 1965 இல் அவருடைய பெயரில் நோட்டன் பிரிட்ஜில் இன்னொரு மின் நிலையம் வந்தது. பெரிய வேலை நடக்கும் இடத்தில் வியாபாரம் சூடாக இருக்கும். வேலை முடிந்ததும் சூடு தணியும். சூடாக இருக்கும்போது வந்த பணத்தை எங்கே வைத்தோம் என்பதே பிறகு எம்மைத் தாங்கும்.

ஆனால் டில்லியைப் பார்த்து மலைநாட்டில் கண்ணை மூடிக்கொண்டு காணி வாங்கக் கூடாது. இங்கே சில விடயங்கள் முற்றிலும் வேறு.

முதலாவது, உரிமை. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களுடன் பெருந்தோட்டக் காணிகள் அரசுக்குச் சொந்தமாகின. 1992 முதல் கம்பனிகள் நிர்வகித்தாலும் காணியின் சொந்தக்காரர் அரசுதான். ஆகவே தோட்டத்தை ஒட்டிய துண்டுக் காணியை "எழுதித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் பணத்தை எடுக்க வேண்டாம். சின்னக்கரக் காணியா, அனுமதிப்பத்திரக் காணியா, குத்தகையா என்பதை முதலில் அறியுங்கள். காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருட உரிமைத் தொடரை நொத்தாரிசு மூலம் தேடிப் பாருங்கள். நில அளவைப் படமும் இடத்தில் உள்ள எல்லையும் ஒத்துப்போகின்றனவா என்று நீங்களே நடந்து பாருங்கள்.

இரண்டாவது, மண். 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயலின்போது மலைநாட்டில் மண்சரிவுகள் எத்தனை வீடுகளையும் கடைகளையும் கொண்டுபோயின என்பதைக் கண்டோம். சரிவில் மலிவாகக் கிடைக்கும் காணி மலிவானதல்ல. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையும் பிரதேச சபையின் அனுமதியும் இல்லாமல் ஒரு கல்லும் வைக்காதீர்கள்.

மூன்றாவது, கடையின் முதல். சரக்குக்கான பணத்தை எடுத்துக் காணியில் போட்டால் கடை வெறிச்சோடும், காணியை அவசரத்துக்கு விற்கவும் முடியாது. சோபா சிங் கொந்தராத்தை நிறுத்திவிட்டுக் காணி வாங்கவில்லை. தொழில் ஓடிக்கொண்டிருந்தது, அதில் மிஞ்சியதுதான் காணிக்குப் போனது. மாத இலாபத்தில் ஒரு பங்கை, சிறிதானாலும், தனியாக ஒதுக்கிப் பழகுங்கள்.

நான்காவது, தெரிந்த இடம். வியாபாரிக்குத் தன் ஊர் பஜாரில் எந்தக் கடைக்கு ஆள் வருகிறது, எந்த வீதி அகலமாகிறது, எந்தக் கட்டடக்காரரின் பிள்ளைகள் வெளிநாட்டில் தங்கிவிட்டார்கள் என்பது தெரியும். யாரோ சொன்னார்கள் என்று கண்ணால் காணாத ஊரில் வாங்குவதைவிட, தான் வாடகைக்கு இருக்கும் கடையையே வாங்க முடியுமா என்று விசாரிப்பது மேல். தனியாக முடியாவிட்டால் சகோதரர்கள் சேர்ந்து வாங்கலாம். ஆனால் யாருக்கு எத்தனை பங்கு என்பதை முதல் நாளிலேயே உறுதியில் எழுதிவிடுங்கள். வாய்ப்பேச்சில் வாங்கிய காணி அடுத்த தலைமுறையில் நீதிமன்றத்தில்தான் பேசப்படும்.

இதையெல்லாம் நாளைக்கே செய்ய முடியாது என்பது எனக்கும் தெரியும். இன்று செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கடையைப் பூட்டும் முன் கணக்குப் புத்தகத்தை எடுங்கள். கடந்த பத்து வருடங்களில் வாடகையாகவும் முற்பணமாகவும் கொடுத்த மொத்தத் தொகையை ஒரு தாளில் எழுதுங்கள். அதற்குக் கீழே, அதே பத்து வருடங்களில் இலாபத்திலிருந்து எவ்வளவு எடுத்து, எதற்குச் செலவழித்தோம் என்று எழுதுங்கள். அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியும் மூத்த மகனும் பார்க்க வையுங்கள். அடுத்த பத்து வருடங்களுக்கு என்ன செய்வது என்பதை அன்றிரவே வீட்டாருடன் பேசத் தொடங்கலாம்.